ஜப்ஜியின் முதல் பௌரியிலேயே நிற்பவருக்கு

ஆறு மாதமாக மூன்று மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டும் சீக்கியர்களின் காலைப் பிரார்த்தனையான ஜப்ஜி சாகிபில் ‘ஹுக்கம்’ (நேர்ப்பொருள் ‘ஆணை’) என்றால் என்னவென்று பிடிபடவில்லை, அது தெரியாமல் மேலே படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் படியுங்கள். நீங்கள் மாட்டிக்கொண்ட அதே முதல் பௌரியில், அதாவது முதல் பாட்டில்தான் குரு நானக், லட்சம் முறை சிந்தித்தாலும் அது சிந்தனைக்கு எட்டாது என்கிறார். (மூலத்தில் அங்கே உள்ள ‘சோச்’ என்ற சொல்லுக்குச் சிந்தனை இல்லை, சடங்குத் தூய்மை என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. உங்கள் மொழிபெயர்ப்புகள் அங்கே முட்டிக்கொண்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.) ஆயிரம், லட்சம் சாமர்த்தியம் இருந்தாலும் ஒன்றுகூட உடன் வராது என்று அடுத்து சொல்கிறாரே, அதில் குழப்பமே இல்லை.

அதற்காகப் புத்தியை மூட்டை கட்டச் சொல்லவில்லை. ஜப்ஜியின் கடைசியில் வரும் ஐந்து கண்டங்களில் (ஆன்மிகப் படிநிலைகளில்) ஞான கண்டம் இரண்டாவதுதான். அதற்கு அடுத்த சரம் கண்டத்தில் மனமும் புத்தியுமே புதிதாக வார்க்கப்படுகின்றன. இப்போது கையில் இருக்கும் அளவுகோலே மாறப்போகிறது என்றால், அதை வைத்து முதலிலேயே அளந்து முடிப்பது எப்படி?

8 முதல் 11 வரையுள்ள பௌரிகள் முழுக்கக் கேட்பதைப் பற்றியவை. அகராதியை மூடிவிட்டு, விடியற்காலையில் யாராவது ஜப்ஜி ஓதுவதைக் கொஞ்ச நாள் கேளுங்கள். அப்புறம் முதல் பௌரிக்குத் திரும்பி வரலாம்.