கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் பொருள் ஒன்றை உருவாக்கினோம். மூன்று பேர் சேர்ந்து ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறோம். சட்டப்படி முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கம்பெனியைப் பதிவு செய்வதற்கு முன்பே, அந்தப் பொருள் யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். ஆய்வகக் கருவிகளையோ மானியப் பணத்தையோ பயன்படுத்தியிருந்தால், பெரும்பாலும் உரிமை பல்கலைக்கழகத்துக்கே போகும். பணி ஒப்பந்தம், மானிய விதிகள் இரண்டையும் வரிவரியாகப் படித்து, உரிமத்தை எழுத்தில் வாங்குங்கள். பேராசிரியரின் வாய்மொழிச் சம்மதம் முதலீட்டாளரிடம் செல்லாது. இன்னொன்று: உரிமத்தில் 'காற்றிலிருந்து கார்பன் பிடிக்க' என்று மட்டும் இருந்தால், நாளை அதே பொருளை, பயோகேஸிலிருந்து கரியமில வாயுவை நீக்கும் சுத்திகரிப்புக்கு விற்க முடியாது. பயன்பாட்டை அகலமாக எழுதச் சொல்லுங்கள்.

காப்புரிமையில் பலர் சறுக்குவது கருத்தரங்கில்தான். விண்ணப்பிக்கும் முன் ஒரு போஸ்டரில் செய்முறையை வெளியிட்டாலே ஐரோப்பாவில் புதுமைத் தகுதி போய்விடும். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. அதை நம்பி இருக்காதீர்கள். முதலில் விண்ணப்பம், பிறகு மேடை. முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதங்களுக்குள் பிற நாடுகளில் விண்ணப்பித்து முன்னுரிமை கோரலாம்; அதாவது, முதல் விண்ணப்பத் தேதியே அங்கும் கணக்கில் வரும்.

கம்பெனிப் பங்குகள் முதல் நாளே உங்கள் மூவருக்கும் முழுதாகக் கைமாற வேண்டாம். 4 ஆண்டுகளில் படிப்படியாகச் சேர்வது, முதல் ஆண்டுக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது என்பது வழக்கமான ஏற்பாடு. சோதனை ஆலை வரவே பல ஆண்டுகள் பிடிக்கும் துறையில், ஆறாவது மாதம் விலகியவரிடம் மூன்றில் ஒரு பங்கு முடங்கிக் கிடந்தால் அடுத்த முதலீடு வராது.

கார்பன் கிரெடிட் (நீக்கிய கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) விற்பதானால், ஒரே டன்னை இருவருக்கு விற்றுவிடாதபடி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உரிமையாளர் யார் என்று எழுதுங்கள்.