அம்மாவின் கண் மருந்தை மகனுக்கும் போடலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறார். சில மாதங்களாக விடிந்து எழும்பியதும் தும்மல், மூக்கில் தண்ணீர், இரண்டு கண்ணிலும் அரிப்பு. டவுன் பாமசியில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். போட்டால் ஒரே நாளில் சிவப்பு போய்விடுகிறது, விட்டால் திரும்ப வருகிறது. முந்தாநாள் முதல் என் ஏழு வயது மகனுக்கு ஒரு கண் சிவந்து, காலையில் பீளை ஒட்டிக்கொள்கிறது. அதே மருந்தை அவனுக்கும் போடலாமா?

பதில்: வேண்டாம். இருவருக்கும் வந்திருப்பது ஒரே நோயாகத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் ஒரு போத்தலை இருவர் பாவிக்கக் கூடாது. சொட்டு விடும் நுனி இமையில் பட்டால் கிருமி அப்படியே அடுத்தவர் கண்ணுக்குப் போய்விடும்.

ஒரே நாளில் சிவப்பு போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. போத்தலின் லேபிளைப் பாருங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீரொயிட் மருந்து. எந்தச் சிவப்பையும் சீக்கிரம் அடக்கிவிடும், காரணத்தைத் தொடாது. மாதக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடலாம், கண்புரை வரலாம். அழுத்தம் கூடுவது பெரும்பாலும் வலிக்காது. பார்வை குறைந்த பிறகுதான் தெரியவரும். அப்படிப்பட்ட மருந்தாக இருந்தால் அம்மாவைக் கண் கிளினிக்குக்கு அழைத்துப் போய், அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தும் விதத்தையும் அங்கேயே கேளுங்கள். நாஃபசோலின் என்று போட்டிருந்தால், அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டும் மருந்து. போடுவதை நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிடக் கூடுதலாக வரலாம்.

அம்மாவுக்கு இருப்பது ஒவ்வாமை போலத்தான் தெரிகிறது. இரண்டு கண்ணும் ஒன்றாக அரிப்பதும், கூடவே தும்மலும், மூக்கில் தெளிவான தண்ணீரும் அதற்கே உரியவை. நீங்கள் தொழிற்சாலைத் தூசியைச் சந்தேகிக்கலாம். அதற்கும் காரணம் உண்டு. தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970லேயே எழுதியிருக்கிறார். ஆனால் தூசிதான் காரணம் என்றால் வேலைக்குப் போன பிறகு கூட வேண்டும், லீவு நாட்களில் குறைய வேண்டும். உங்கள் அம்மாவுக்கு எழும்பியதுமே தொடங்குகிறது. அதனால் நான் முதலில் கட்டிலைத்தான் பார்ப்பேன். தலையணையிலும் கம்பளியிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளுக்கு நம் மலைநாட்டு ஈரம் என்றால் கொண்டாட்டம். மழை மாதங்களில் ஈரத் துணியை லயத்து அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். அந்த ஈரம் எல்லாம் சுவரில் பூஞ்சணமாகவும் படுக்கையில் பூச்சியாகவும் மாறுகிறது. போதாததற்கு விடியற்காலை விறகு அடுப்புப் புகை.

எனவே தலையணை உறை, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் துவையுங்கள். துணியை முடிந்தவரை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) காயப்போடுங்கள். அடுப்பெரியும்போது கதவைத் திறந்து வையுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. தொழிற்சாலையில் முகக்கவசம் போடட்டும். இழுப்போ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் அதைத் தனியாக டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

அரிப்பு எடுக்கும்போது கசக்கக் கூடாது, கசக்கினால் இன்னும் அரிக்கும். பீலியில் (தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில்) வரும் தண்ணீரே நம் பக்கம் ஐஸ் மாதிரி இருக்கும். சுத்தமான துணியை அதில் நனைத்து மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். மாத்திரை என்றால் செட்டிரிசின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. சிறுநீரக நோய் இருந்தால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த குளோர்பெனிரமின் மாத்திரையைக் குடித்துவிட்டு மெஷின் பக்கம் நிற்க வேண்டாம், தூக்கம் கண்ணைச் சொருகும்.

மூக்குக்கு மிக நன்றாக வேலை செய்வது புளூட்டிகசோன் போன்ற மூக்கு ஸ்பிரே. கண் அரிப்பையும் ஓரளவு குறைக்கும். இதுவும் ஸ்டீரொயிட்தான், ஆனால் மூக்கில் அடிப்பதால் கண்ணில் விடும் சொட்டு அளவுக்குப் பயமில்லை. டொக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பலர் மூன்றாம் நாளே "கேட்கவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். தலையைச் சற்றுக் குனிந்து, நுனியை மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கிப் பிடித்து அடிக்க வேண்டும். உடனே மூக்கைத் திறக்கும் ஒக்ஸிமெடசோலின் வகைச் சொட்டை மட்டும் ஐந்து நாளுக்கு மேல் பாவிக்காதீர்கள், பிறகு மருந்தாலேயே மூக்கடைக்கும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவலாம். ஆனால் பீலித் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. மூன்று நிமிடம் நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கப்புக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பு.

சரி, மகன். ஒரு கண்ணில் தொடங்கிப் பீளை ஒட்டுவது தொற்றுதான். சளி காய்ச்சலோடு வந்து, தண்ணீராக வடிந்தால் பெரும்பாலும் வைரஸ். அதற்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, ஒன்றிரண்டு வாரத்தில் தானே போகும். மஞ்சளோ பச்சையோ கெட்டியான பீளை நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தால் பக்டீரியாவாக இருக்கலாம். டொக்டர் பெரும்பாலும் குளோரம்பெனிகோல் போன்ற சொட்டு தருவார். எதுவானாலும், கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பஞ்சு, பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துவாயும் தலையணையும் அவனுக்குத் தனியாக இருக்கட்டும், கண் வடிவது நிற்கும்வரை பள்ளிக்கூடம் வேண்டாம். தாய்ப்பால், தேத்தண்ணி, நந்தியாவட்டைச் சாறு என்று பாட்டிமார் சொல்வார்கள். அன்போடு சொல்வதுதான், ஆனால் கண்ணுக்குள் எதுவும் விட வேண்டாம்.

அரிப்பும் உறுத்தலும் வேறு, வலி வேறு. கண்ணில் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கொழுந்து பறிக்கும்போது இலை கீறினாலும், கவ்வாத்து வெட்டும்போது குச்சி தெறித்தாலும் அப்படித்தான். செடி பட்ட காயத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். அதில் ஸ்டீரொயிட் சொட்டு விட்டால் இரண்டு நாள் சுகமாக இருப்பது போலிருக்கும், உள்ளே கருவிழி கரைந்துகொண்டிருக்கும். தேயிலைச் செடிக்கு மருந்து அடிக்கும்போது கண்ணில் தெறித்தால், நின்ற இடத்திலேயே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிவிட்டு, அந்த மருந்தின் லேபிளையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வாகனம் இல்லை என்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.