ஆரம்ப சுகாதார நிலையத்துல டீமை நடத்தறது எப்படி: கேளுங்க, சொல்றேன்

வணக்கம்ங்க. மூணா பிரிக்கறதுக்கு முன்னாடி இருந்த பழைய வேலூர் மாவட்டத்துல சமுதாய சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ நான். பொறுப்புக்கு வந்த டாக்டருங்க எத்தினியோ பேரை பக்கத்துல இருந்து பார்த்துகினு இருந்திருக்கேன். கோவம், சண்டை, சோர்வு, எது வேணா கேளுங்க.

குடியாத்தம் பக்கம், புது டாக்டர்: அக்கா, எனக்கு 26 வயசு, ஸ்டாஃப் எல்லாம் எங்கம்மா வயசு. எது சொன்னாலும் "சரி டாக்டர்"ன்றாங்க, ஆனா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது.

சரின்னு உடனே வருதுன்னா மனசுல வேற ஏதோ இருக்குது, சொல்ல பயம், இல்ல சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு சலிப்பு. ஒரு நாள் கிராம சுகாதார செவிலியர் கூட ஃபீல்டுக்கு போங்க டாக்டர், ஜீப்புல வேணாம், அவங்க எப்படி போறாங்களோ அப்படி. துணை சுகாதார நிலையத்துக்கு சமவெளில 5000 ஜனம் மலைல 3000ன்றது பேப்பர் கணக்கு, ஜவ்வாது மலை பக்கம் அந்த 3000 பேர் எங்கெங்க சிதறி கீறாங்கன்னு நடந்தா தான் தெரியும். வந்து உக்காந்து "இதுல எது சிஸ்டர் கஷ்டமா கீது"ன்னு கேட்டுட்டு நீங்க பேசாம இருங்க. முதல்ல சின்னதா தான் சொல்வாங்க, ஃபேன் ஓடல, ஸ்டோர் சாவி ஒருத்தர்கிட்டயே இருக்குதுன்னு. அத அந்த வாரமே முடிச்சு குடுத்தீங்கன்னா அடுத்து பெரிய விஷயம் தானா வாய்க்கு வரும்.

கிராம சுகாதார செவிலியர் ஒருத்தர்: ஹீமோகுளோபின் 7க்கு கீழ, அதாவது கடுமையான ரத்தசோகையோட இருந்த கர்ப்பிணி ஒருத்தரை லிஸ்ட்ல காட்டினேன். "உன் ஏரியால மட்டும் இன்னாத்துக்கு இப்படி"ன்னு ரிவ்யூ மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு திட்டிட்டாங்க. காட்டாதவங்களுக்கு திட்டே இல்ல அக்கா.

படிக்கவே வயிறு எரியுதும்மா. நீ செஞ்சது தான் சரி, அந்த பொண்ணு உயிரை காப்பாத்தற வேலையில பாதி அந்த லிஸ்ட்ல பேர் ஏர்றது தான்.

பொறுப்புல இருக்கறவங்க இத படிக்கணும்னு கேட்டுக்கறேன். எமி எட்மண்ட்சன்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1990கள்ல ஆஸ்பத்திரி வார்டுல மருந்து குடுக்கறப்ப நடக்கற தப்புகளை பார்த்தாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்து போனா அங்க தான் அதிகமா பதிவாகி இருந்துது, ஏன்னா அங்க தப்பை வெளிய சொல்ல ஜனங்க பயப்படல, அவ்ளோதான். நம்மூர்ல இத பார்க்கணும்னா தடுப்பூசி வெக்கற ஐஎல்ஆர் பொட்டியோட வெப்பநிலை நோட்டை பிரிங்க. 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், காலைல ஒரு வாட்டி சாயங்காலம் ஒரு வாட்டி பார்த்து எழுதணும். சில இடத்துல மாசம் முழுக்க 4, 4, 4ன்னு ஒரே பேனா, ஒரே சாய்வு, கரண்ட் போயி கிடந்த நாள்ல கூட 4. அங்க மேல இருக்கறவர் கத்தற ஆளான்னு நான் விசாரிப்பேன், அனேகமா ஆமான்னு தான் பதில் வரும். உறைஞ்சோ சூடேறியோ வீணாப்போன பென்டாவேலன்ட் (அஞ்சு நோய்க்கான ஒரே தடுப்பூசி) ஊசி, தடுப்பூசி போடற புதன்கிழமை குழந்தை தொடைக்கு போவும், யாருக்கும் தெரியாது. கெட்ட சேதி கொண்டாந்தவங்ககிட்ட உங்க வாய்ல இருந்து முதல்ல வர்ற வார்த்தை "நல்லதாப் போச்சு, இப்பவே சொன்னீங்க"ன்னு இருக்கட்டும், ஏன் எப்படின்றத அப்புறம் கேட்டுக்கலாம்.

நீ டாக்டரை தனியா பாரும்மா. மீட்டிங் பேச்சை எடுக்காம, இந்த பொண்ணுக்கு பிரசவ தேதி இது, இரும்புச்சத்து ஊசி இங்கயே போடலாமா இல்ல அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமான்னு கேளு. அந்த பேச்சு ஒழுங்கா முடிஞ்சா, அடுத்த வாட்டி திட்றதுன்னா தனியா கூப்பிட்டு திட்டுங்கன்னும் சொல்லிடு.

பகுதி சுகாதார செவிலியர்: மெதுவா பேசினா தலை மேல ஏறி உக்காந்துக்கறாங்களே மேடம்?

மெதுவா பேசறது வேற, வேலையை விட்டுக்குடுக்கறது வேற. "நீ எப்பவும் லேட்டு"ன்னு ஆளை சொல்லாதீங்க. "செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிங்க 9 மணிக்கே வந்து வெறும் வயித்தோட உக்காந்துகினு இருந்தாங்க, நீங்க வர்றப்ப பத்தரை"ன்னு நடந்தத மட்டும் சொல்லி காரணம் கேளுங்க. வீட்ல மாமியார் படுத்த படுக்கையா இருக்கலாம், அப்ப ட்யூட்டியை மாத்தி போட முடியுமான்னு பாருங்க. ஒண்ணும் இல்லாம மறுபடி மறுபடி நடந்தா மெமோ குடுங்க, அத கத்தாம குடுக்கலாம்.

ஆற்காடு, மருந்தாளுநர்: அடுத்தவங்க மனசை புரிஞ்சு நடத்தற இந்த குணம் பிறவியா, கத்துக்கறதா?

கத்துக்கலாம்ங்க. 1990ல சலோவே, மேயர்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளருங்க உணர்வு நுண்ணறிவுன்னு எழுதினப்பவே அத ஒரு திறமையா தான் சொன்னாங்க, தன் மனசையும் அடுத்தவங்க மனசையும் கவனிச்சு அதுக்கு தக்கபடி நடந்துக்கறதுன்னு. கத்துக்க தொடங்கறவங்க ராத்திரி 10 மணிக்கு வாட்ஸப் குரூப்ல கோவமா வாய்ஸ் மெசேஜ் போடறத நிறுத்தினாலே பாதி வந்துடும்.

பேர் வேணாம்னு கேட்ட டாக்டர்: ஓபி முடிஞ்சா யார் மூஞ்சியும் பார்க்க புடிக்கல. பேஷன்ட் பேர்ல கூட எரிச்சல். நான் இப்படி இருந்ததே இல்ல.

இது உங்க குணம் மாறிப்போனது இல்ல டாக்டர். சோர்வு, வேலை மேல வெறுப்பு, நான் எதுக்கும் லாயக்கு இல்லன்ற நினைப்பு, இந்த மூணும் வேலை அழுத்தத்தால வர்றதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2019ல வரையறுத்து வெச்சிருக்குது. ஓபி, ரிப்போர்ட், மீட்டிங், ராத்திரி பிரசவம்னு எல்லாத்தையும் ஒருத்தரே இழுத்தா யாருக்கும் வரும். தேங்கி கிடக்கற லீவை எடுங்க, உங்க வட்டார மருத்துவ அலுவலர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, ரிப்போர்ட் வேலைல எத யார்கிட்ட பிரிச்சு குடுக்கலாம்னு ஸ்டாஃபோட உக்காந்து பேசுங்க. தூக்கம் போயிடுச்சுன்னா தள்ளிப்போடாம டெலி மானஸ்ன்ற அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது. நேர்ல பார்க்கணும்னா பாகாயத்துல சி.எம்.சி. மனநல மையம் கீது.