'தோற்றவர்' என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பாட்டுக் குழுவைத் தூக்கிவிட்ட ரெக்கார்டு தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் முதலில் ஓபோ வாசித்தவராமே? வாசிப்பில் தோற்றவர்கள்தான் ரெக்கார்டு கம்பெனி நாற்காலியில் போய் உட்காருகிறார்களா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 'தோற்றவர்' என்பதை முதலில் வாபஸ் வாங்குங்கள். அப்புறம் பேசலாம்.

ஓபோ நம் நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதற்கும் வாயில் வைத்து ஊதுகிற சீவாளிதான் உயிர். திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்குச் சீவாளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கல்யாணத்தில் மேளக்காரர்கள் பக்கம் போய் நில்லுங்கள். வாத்தியத்திலிருந்து நூலில் நாலைந்து சீவாளி தொங்கும். வித்வான் ஒன்றை எடுத்து, வாயில் வைத்து ஈரப்படுத்தி, 'பீ' என்று ஊதிப் பார்ப்பார். முகம் சுளிக்கும். அடுத்ததை எடுப்பார். அந்த இரண்டு நிமிடத்தை மண்டபத்தில் யாரும் கவனிப்பதில்லை. எல்லாருக்கும் பந்தி நினைப்பு.

மார்ட்டினும் அப்படி ஊதிப் பார்த்த ஆள்தான். லண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியில் படித்தார். ஓபோவை மட்டும் நம்பிச் சோறு சாப்பிட முடியவில்லை. பிபிசியில் கொஞ்ச நாள், பிறகு 1950-ல் இஎம்ஐ என்ற ரெக்கார்டு கம்பெனியின் பார்லபோன் பிரிவில் உதவியாளர். 1955-ல், 29 வயதில், அந்தப் பிரிவுக்கே தலைவர். டெக்கா கம்பெனி வேண்டாமென்று அனுப்பிய பீட்டில்ஸை 1962-ல் சேர்த்துக்கொண்டவர் இவர்தான்.

ஓபோ அவரை விட்டுப் போய்விட்டதா? 1967 ஜனவரியில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி, டிவியில் பாக் என்ற பழைய ஜெர்மன் மேதையின் இசைக்கு வாசித்த சின்ன டிரம்பெட்டைக் கேட்டுவிட்டு வந்து, அது தன் பாட்டிலும் வேண்டும் என்றார். மெக்கார்ட்னிக்கு நொட்டேஷன் எழுத வராது. வாயால் பாடிக் காட்டினார், மார்ட்டின் எழுதி டிரம்பெட் கலைஞர் டேவிட் மேசனிடம் கொடுத்தார், மேசன் வாசித்தார். மூச்சு எங்கே முட்டும், உதடு எங்கே களைக்கும் என்று ஊதினவனுக்குத்தானே தெரியும்? கணக்குப் புத்தகம் மட்டும் பார்த்த அதிகாரி அங்கே என்ன எழுதியிருப்பார்?

மார்ட்டினுக்கும் கம்பெனி பட்டை நாமம்தான் போட்டது. 1963-ல் பிரிட்டனில் அவர் தயாரித்த இசைத்தட்டுகள் விற்பனைப் பட்டியலில் 37 வாரம் முதலிடத்தில் இருந்தன. ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு? ஒரு பைசா கிடையாது, வெறும் மாதச் சம்பளம். 1965-ல் வெளியேறி ஏஐஆர் என்று (நம் ஆல் இந்தியா ரேடியோ இல்லை) சொந்தக் கம்பெனி தொடங்கினார். சரியாகச் செய்தார்.

இது என் பழைய சண்டைக்கு வந்து நிற்கிறது. வாசித்தவருக்குக் காசும் இல்லை, பேரும் இல்லை. ஒரு கேசட் கம்பெனி மேனேஜரிடம், "வயலின், புல்லாங்குழல் வாசித்தவர்கள் பேரை அட்டையில் போடுங்கள்" என்று கேட்டேன். "யார் சார் அதெல்லாம் படிக்கப் போறாங்க?" என்றார். நான் படிப்பேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போகும்போது நாதஸ்வரம் வாசிப்பவரின் பேரையும் ஊரையும் கேட்டு எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.