ஆறு கதிரை, ஒரு மைக் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணன்,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். நானும் கூட்டாளிமார் நாலு பேரும் எங்கள் வீட்டாரும் சேர்ந்து பத்து நிமிடச் சிரிப்புப் படம் ஒன்று எடுக்கப் போகிறோம். அக்காவைப் பெண் பார்க்க ஹட்டனிலிருந்து வருகிறார்கள். வீட்டில் நல்ல கதிரை இல்லை. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வீட்டுக்கு ஒன்றாக ஆறு கதிரை இரவல் வாங்கி இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) போடுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் பார்த்து, கதிரைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் கதிரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இதுதான் கதை. கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. கமரா வாடகைக்கு எடுக்கலாமா, போனே போதுமா? போன மாதம் ஒரு காட்சி எடுத்துப் பார்த்தோம். எடுக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தோம். டீவியில் போட்டுக் காட்டினால் ஒருவரும் சிரிக்கவில்லை. பிழை எங்கே?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கதை நல்ல கதை. அதை மாற்ற வேண்டாம். கமராவும் வேண்டாம், போனே போதும். காசை மைக்கில் போடுங்கள்.

எடுக்கும்போது நின்றவர்களுக்கு வசனம் முதலே தெரியும். அரைகுறையாகக் காதில் விழுந்தாலும் மனம் நிரப்பிக்கொள்ளும், சிரிப்பும் வரும். டீவியில் பார்க்கிறவருக்கு, பன்னிரண்டு அடிக்கு அப்பால் இருந்த போன் பிடித்த குரல்தான் கிடைக்கிறது. கூடவே காற்று, தகரத்தின் படபடப்பு, பக்கத்து வீட்டுக் காம்பரா ரேடியோ. 'என்ன சொன்னார்?' என்று ஒருவர் திரும்பிக் கேட்டாலே சிரிப்பு செத்துவிடும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சனம் மன்னிக்கும். வசனம் கேட்காவிட்டால் மன்னிக்காது.

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்கு வந்து சேரும் ஒலியின் சக்தி நான்கில் ஒன்றாகிவிடும். அதனால் மைக் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சட்டையில் குத்துகிற வயர் மைக் இரண்டு வாங்குங்கள். பிளக்கைக் கவனியுங்கள்: மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு வளையம் இருந்தால் கமராவுக்கு. மாறி வாங்கினால் போன் அந்த மைக்கை விட்டுவிட்டுத் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். வீட்டுக்கு வந்து கேட்கும்வரை தெரியவும் தெரியாது. பல புதுப் போன்களில் அந்த பிளக்கைக் குத்துகிற ஓட்டையே இல்லை, அதற்கு டைப்-சி மாற்றி வேண்டும். ஒவ்வொரு மைக்கையும் படம் எடுக்காத வேறொரு போனில் மாட்டி, அதை நடிப்பவரின் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். எல்லாப் போனும் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கமராவுக்கு முன்னால் ஒரு தடவை கையைத் தட்டினால், எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் சத்தத்தையும் பொருத்தலாம்.

நம் பக்கத்துக் குளிருக்கு எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். கம்பளியில் மைக் உரசினால் கரகரவென்று வரும். சட்டைக் கொலரின் உள்பக்கம் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்கள், வயரை ஒரு சுருள் விட்டு அதையும் ஒட்டுங்கள். காற்று அடித்தால் ஸ்பொஞ்ச் உறை போதாது. பழைய பொம்மை ஒன்றின் மயிர்த் துணியை வெட்டி மேலே சுற்றினால் நன்றாகத் தடுக்கும். மழை தகரத்தில் விழுந்தால் நிறுத்திவிடுங்கள், அந்தச் சத்தத்தை எந்த மென்பொருளும் முழுதாக எடுத்துத் தராது. பாண் விற்க வருகிற ஆட்டோவின் சங்கீதம் கேட்டாலும் அது போகும்வரை காத்திருங்கள். வெட்டி ஒட்டும்போது பாட்டு பாதியில் அறுந்து அறுந்து வரும். கடைசியாக, எல்லாரையும் வாய் மூடி நிற்கவைத்து, வெறும் இஸ்தோப்பின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு இடையில் விழும் ஓட்டைகளை அதை வைத்து அடைக்கலாம்.

இனி படம். போனை 1080இல், விநாடிக்கு 25 பிரேமில், ஷட்டரை 1/50 விநாடியில் வையுங்கள். நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். 30 பிரேமில் எடுத்தால் குழல் விளக்குக்குக் கீழே படம் துடிக்கலாம். மணித்தியாலத்துக்கு எட்டு ஜீபி என்று கணக்குப் போட்டு, 32 ஜீபியாவது வெறுமையாக வைத்திருங்கள். போன் திரையில் தெரிகிற முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் ஒரு மேகம் போனாலும் படம் தானாக வெளுத்துக் கறுக்கும். காம்பராவுக்குள் எடுக்கும்போது நடிப்பவர் கதவைப் பார்த்து நிற்க வேண்டும், கமரா கதவைப் பார்க்கக் கூடாது.

பொகவந்தலாவைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நம்பிக்கையான காலம். மே வந்தால் தென்மேற்கு மழை. (பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து வாசகர்கள் ஜூன், ஜூலையில் எடுக்கலாம். அங்கே அப்போது மழை குறைவு, காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.) ஒருவருக்கும் பேர் (அன்றைய நாள் சம்பளம்) கெடாத மாதிரி ஒரு ஞாயிறும் ஒரு போயா (பௌர்ணமி) லீவும் பாருங்கள். காலை ஏழரையிலிருந்து பதினொன்றுக்குள் தூர ஷாட்களை முடித்துவிடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் மலை மறைந்துபோகும், காலை ஷாட்டோடு சேராது. அந்த நேரத்தில் முகங்களை எடுங்கள். முகத்துக்குப் பின்னால் சுவர்தான் இருக்கும், மூட்டத்தின் வெளிச்சமும் மென்மையாக விழும்.

கதிரைக் காட்சிக்கு வருகிறேன். போனை வாசலில், கதிரை இருக்கையின் உயரத்தில், ஸ்டாண்டில் வையுங்கள். ஆறு கதிரையும் ஒரே பிரேமில் தெரிய வேண்டும், போனை ஆட்டவே கூடாது. முதல் ஆள் வருகிறார், சுகம் விசாரிக்கிறார், கதிரையைத் துண்டால் துடைக்கிறார், உட்காருகிறார்: இருபது விநாடி. இரண்டாம் ஆளுக்குப் பத்து. மூன்றாம் ஆள் பேசாமல் வந்து உட்காரட்டும், மூன்று விநாடி போதும். நாலாவதும் ஐந்தாவதும் வருவதைக் காட்ட வேண்டாம். குசினியில் அம்மா பிளேன்டி ஊற்றுவதைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தால் ஐந்து பேரும் இருக்கிறார்கள். மிஞ்சிய ஒரு கதிரையில் மாப்பிள்ளையின் அம்மா உட்காரக் குனியும்போது, ஒரு சின்னப்பிள்ளை ஓடிவந்து, 'பாட்டி கதிரையக் கேட்டுச்சு' என்று சொல்லட்டும்.

சிரிப்பு உட்காருகிறவரிடத்தில் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற உங்கள் அம்மாவின் முகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரவுக்கும் அந்த முகத்தைத் தனியாக நாலு விநாடி எடுங்கள். எல்லா ஷாட்டிலும் நடிப்புக்கு முன்னால் மூன்று விநாடி, பின்னால் மூன்று விநாடி கூடுதலாக ஓடட்டும். நீங்கள் போன மாதம் எடுத்ததில் வசனம் முடிந்ததும் வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் நடக்கிற பிழை அதுதான். வசனம் முடிந்ததும் முகத்தில் ஒரு விநாடி, ஒன்றரை விநாடி நில்லுங்கள். சனம் சிரிக்க இடம் வேண்டும். அடுத்த வசனம் உடனே வந்தால் சிரிப்பையும் அடக்கும், தானும் கேட்காமல் போகும்.

உங்கள் தோட்டத்தில் காமன் கூத்தோ பொன்னர் சங்கரோ ஆடியவர்கள் இருந்தால் கட்டாயம் சேருங்கள். நேரம் பார்த்துப் பேசுவது அவர்களுக்குக் கைவந்தது. ஆனால் மைக் இல்லாமல் ஒரு கூட்டத்துக்கே கேட்கப் பாடிப் பழகிய குரல், கடைசி ஆளுக்கும் தெரிய வேண்டும் என்று வீசிப் பழகிய கை அவர்களுடையது. மூன்று அடியில் இருக்கிற போனுக்கு அது கூடிப்போகும். 'குறைத்து நடியுங்கள்' என்றால் மனம் நோகும். 'பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காமல் சொல்லுங்கள்' என்று சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். வீட்டாருக்கு வசனத்தை மனப்பாடம் பண்ணக் கொடுக்க வேண்டாம். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, சிரிப்பு வருகிற அந்த ஒரு சொல்லை மட்டும் மாறாமல் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் எடுத்தால் உயிர் போய்விடும். சினிமாவைப் பார்த்துச் சென்னைப் பேச்சுப் பேச விடாதீர்கள். லயத்துப் பேச்சிலேயே வேண்டிய அளவு சிரிப்பு இருக்கிறது. ஒருவருடைய பட்டப்பெயரைப் படத்தில் வைப்பதானால் அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

தேயிலை மலைக்குள் எடுப்பதாக இருந்தால் தோட்ட ஆபிசில் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். சினிமாப் பாட்டுப் போட்டால் யூடியூபில் உரிமை கேட்டு வருவார்கள், தோட்டத்துத் தப்பு மேளத்தையே பதிவு செய்து போடுங்கள். வெட்டி முடித்ததும் படத்தில் இல்லாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டி, திரையை விட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். கை போனுக்குப் போகிற இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே குறையுங்கள்.

மைக், ஸ்டாண்ட் போக மீதிக் காசு சாப்பாட்டுக்கு. பன்னிரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்கு இரண்டு கிலோ அரிசி, பத்து மணிக்கு பணிஸும் பிளேன்டியும். பசித்தவர் முகத்தில் நகைச்சுவை நிற்காது.

கதிரைகளின் அடியில் வீட்டுக்காரர் பெயரை எழுதிப் பிளாஸ்டர் ஒட்டிவையுங்கள். எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு போட்டோவும் எடுங்கள். இரண்டாம் நாள் அதே வரிசையில் போடவும் வேண்டும், பொழுது சாய்வதற்குள் அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.