மாமாவின் பட்டறையும் மகனின் பள்ளிக்கூடமும்

கேள்வி: ஆத்தங்குடிக்கு அருகில் வசிக்கிறோம். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், விடுமுறை நாள்களில் என் தம்பியின் தரைக்கல் பட்டறைக்குப் போய் வருவான். இப்போது, ‘மாமா எட்டாவதோடு நின்றவர்தானே, பட்டறை நடத்தவில்லையா?’ என்று கேட்டுப் பள்ளிக்கே போக மறுக்கிறான். கண்டித்தும் கெஞ்சியும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் குழம்பை ஊற்றி, சிமெண்ட் கலவையை மேலே நிரப்பி, ஈரம் இழுத்தபின் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிற அந்த வேலையை அவன் ரசிக்கிறான் என்றால், அது ஒரு பையனுக்கு வாய்க்கக்கூடிய நல்ல ருசி. அதை மட்டம் தட்டிப் பேசினால், நீங்கள் சொல்லும் மற்ற எதுவும் அவன் காதில் ஏறாது.

ஆனால், திடீரென்று ‘படிப்பு வேண்டாம்’ என்று சொல்லும் பிள்ளைகளில் பலர் உண்மையில் சொல்ல வருவது ‘பாடம் புரியவில்லை’ என்பதைத்தான். பத்தாம் வகுப்பு வரை ஓரளவு மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, பிளஸ் ஒன் கணக்கையும் இயற்பியலையும் கண்டு மிரண்டு, வகுப்பில் எழுந்து நின்று விழிக்கிற அவமானத்தைவிடப் பட்டறையில் கெட்டிக்காரன் என்று பெயரெடுப்பது மேல் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எந்தப் பாடம் அவனைத் துரத்துகிறது என்று கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். சித்தப்பா மகனின் மதிப்பெண்ணை எடுத்துக்காட்டாகச் சொல்வதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். அந்தப் பேச்சால் படித்து முன்னேறிய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

‘நம் ஊரில் படிக்காதவர்களே கடல் கடந்து சம்பாதித்தார்கள்’ என்று யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாம். செட்டியார்களின் வட்டிக்கடைகளில் வேலை பழக பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ‘பெட்டியடிப் பையன்கள்’ சும்மா உட்கார்ந்து முதலாளி ஆகவில்லை. அடுத்தாள் என்ற உதவியாளருக்கும் மேலாள் என்ற கடைப் பொறுப்பாளருக்கும் கீழே ஆண்டுக்கணக்கில் பேரேடும் வட்டிக்கணக்கும் பழகினார்கள். அதுவும் கடுமையான ஒரு படிப்புத்தான். அந்தச் செல்வம் பிறகு எங்கே போயிற்று என்பதையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் எழுப்பிய பல்கலைக்கழகம் 1929-இல் உருவாயிற்று. எம்.ஏ. படித்து, லண்டனில் சட்டமும் பயின்ற கோட்டையூர் அழகப்பச் செட்டியார், 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதோடு, அதே ஊரில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த ஆய்வகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நாளை விசாரித்து, அவனை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, மின்கலம் எப்படி வேலை செய்கிறது என்பதையெல்லாம் ஆராய்கிறவர்கள் பேசுவதைக் கேட்டால், சிமெண்ட் தண்ணீரில் கிடந்து இறுகுவதும் வேதியியல்தான் என்று அவனுக்கே தோன்றக்கூடும்.

இதையெல்லாம் நீங்கள் சொல்வதைவிடத் தாய்மாமன் சொன்னால் எடுபடும். உங்கள் தம்பியிடம் தனியாகப் பேசுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குக்கு யாரை நம்பியிருக்கிறார், வெளியூர்க் கட்டடக் கலைஞர் ஆங்கிலத்தில் அனுப்பும் மின்னஞ்சலுக்கு யார் பதில் எழுதித் தருகிறார்கள் என்பதை மருமகனிடம் அவரே மனம்விட்டுச் சொல்லட்டும். பள்ளி நாள்களில் பட்டறைக்கு வரக்கூடாது என்பதையும் அவரே விதிக்கட்டும். விடுமுறையில் போனாலும், சிமெண்ட் தூசியில் நிற்காமல் கணக்கு எழுதும் இடத்தில் உட்காரட்டும்.

பணம்தான் அவன் கவலை என்றால், ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் உயர்கல்வி பயிலும்போது மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது. கைவேலையே பிடிக்கும் என்றால், பத்தாம் வகுப்பு முடித்திருப்பதால் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ சேரலாம். சிவில் பிரிவு அவனுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு.

இந்த வாரமே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். கணக்குத்தான் தடை என்றால் வேறு பாடப்பிரிவுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்; காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டால் அது மிகவும் சிரமம்.