கிளினிக்கிலிருந்து போன் வரவில்லை என்றால் ரிசல்ட் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?
கூடாது. இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த்தில் என் அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், யாரும் கூப்பிடவில்லை, நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். நாலு மாதம் கழித்து காய்ச்சலுக்குப் போனபோது பழைய தாளைப் பார்த்தால், கிரியேட்டினினைச் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு) சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம். யாரோ பார்த்திருக்கிறார், சொல்லத்தான் இல்லை!

லேப் ரிசல்ட்டைப் பொதுவாக டாக்டருக்குத்தான் அனுப்பும், உங்களுக்கு அல்ல. அதற்குள் அவர் மாற்றலாகிப் போயிருக்கலாம். அதனால் ரத்தம் கொடுக்கும் அன்றே, எப்போது வரும், யாரிடம் கேட்பது என்று கேட்டு வையுங்கள், வந்ததும் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள் (முகம் சுளித்தால் சுளிக்கட்டும்).

டாக்டர் மீது புகார் என்றால் மலேசிய மருத்துவ மன்றம். வழக்கு என்றால் வேறு கணக்கு: அரசாங்க மருத்துவமனைக்கு 36 மாதக் கெடு, தனியாருக்குப் பொதுவாக 6 வருஷம்.